மிச்சத்தை அளந்தவர்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பயிற்சி வகுப்பில் திரையில் வளைகோடு ஒன்றைக் காட்டினார்கள். நூறு விழுக்காட்டில் தொடங்கிய அந்தக் கோடு, முதல் ஒரு மணி நேரத்துக்குள் பாதிக்கும் கீழே சரிந்து, பிறகு தரையை ஒட்டி நெடுந்தூரம் ஊர்ந்தது. "நாளை இந்நேரம் நான் சொன்னதில் எழுபது விழுக்காடு உங்களுக்கு மறந்திருக்கும், இது அறிவியல் நிறுவிய உண்மை" என்றார் பயிற்றுநர். கோட்டின் அடியில் பொடி எழுத்தில் "எபிங்ஹாஸ், 1885" என்றிருந்தது. அன்று அவர் நடத்திய பாடம் என்னவென்று இப்போது எனக்கு நினைவில்லை. அந்தப் பெயர் மட்டும் தங்கிவிட்டது.

பிற்பாடு அந்த 1885ஆம் ஆண்டு நூலின் மொழிபெயர்ப்பைத் தேடிப் படித்தபோது, திரையில் கண்ட கோட்டுக்கும் நூலில் உள்ள கணக்குக்கும் இடையே எவ்வளவு தொலைவு என்று புரிந்தது. அந்த ஆய்வில் யாரும் எந்தச் சொற்பொழிவையும் கேட்கவில்லை. அதில் பங்கெடுத்தவர்கள் என்று பன்மையில் சொல்வதற்கே இடமில்லை. ஆய்வு செய்தவரும் ஆய்வுக்கு உட்பட்டவரும் ஒரே மனிதர். எல்லாவற்றையும் விட முக்கியமானது, மறந்தது எவ்வளவு என்பதை அவர் நேரடியாக அளக்கவே இல்லை. மறந்துபோனதாக நாம் நினைக்கும் ஒன்றில் இன்னும் என்ன மிச்சம் இருக்கிறது என்பதைத்தான் அளந்தார். மறதியின் பெயரால் நினைக்கப்படும் ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ், உண்மையில் மிச்சத்தின் கணக்கர் என்பதே என் எண்ணம். அவருடைய வாழ்க்கையை அந்தக் கோணத்திலிருந்தே சொல்ல விரும்புகிறேன்.

அவர் பிறந்தது 1850 ஜனவரி 24 அன்று, இன்று ஜெர்மனியின் வுப்பர்டால் நகரத்துக்குள் அடங்கிவிட்ட பார்மன் என்னும் ஊரில், ஒரு வணிகக் குடும்பத்தில். பதினேழு வயதில் பான் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து வரலாறும் மொழியியலும் படிக்கத் தொடங்கியவர், மெல்ல மெய்யியலின் பக்கம் சாய்ந்தார். 1870இல் பிரான்சுடன் போர் மூண்டபோது படிப்பை நிறுத்திவிட்டுப் படையில் சேர்ந்தார். திரும்பி வந்து 1873இல் முனைவர் பட்டம் பெற்றார். ஆய்வேட்டின் பொருள், ஹார்ட்மன் என்பவர் எழுதிய நனவிலியின் மெய்யியல். நனவுக்கு எட்டாத ஒன்றைப் பற்றி வாதங்களால் மட்டுமே எழுதிய அந்த இளைஞர், பத்தாண்டு கழித்து அதே இருட்டுக்குள் ஒரு அளவுகோலை நீட்டுவார் என்று யாரும் ஊகித்திருக்க முடியாது.

பட்டம் பெற்ற பிறகு ஏழு ஆண்டுகள் அவருக்கு நிலையான பதவி எதுவும் இல்லை. இங்கிலாந்திலும் பிரான்சிலும் சுற்றினார். பிள்ளைகளுக்குத் தனிப்பாடம் சொல்லிக் கொடுத்துப் பிழைத்தார். பாரிஸில் ஒரு பழைய புத்தகக் கடையில் குஸ்டாவ் ஃபெக்னரின் உளப்பௌதிக நூல் அவர் கைக்குக் கிடைத்தது என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் சொல்வார்கள். 1860இல் வெளிவந்த அந்த நூலில், வெளிச்சம், எடை, ஒலி ஆகியவை கூடும்போது நம் உணர்வு எந்த விகிதத்தில் கூடுகிறது என்பதைக் கணித வாய்பாடாகவே எழுத முடியும் என்று ஃபெக்னர் காட்டியிருந்தார். ஒரு வெளிச்சத்தைப் பார்க்கும் கணத்து உணர்வை அளக்க முடியும் என்றால், நேற்றுப் பார்த்த வெளிச்சத்தின் நினைவை ஏன் அளக்கக் கூடாது? இந்தக் கேள்விக்கு அன்று எல்லோரிடமும் இருந்த பதில் 'முடியாது' என்பதுதான். 1879இல் லைப்சிக் நகரில் ஆய்வுக்கூடம் அமைத்த வில்ஹெல்ம் வுண்ட் கூட, புலனுணர்வைத் தாண்டிய உயர்நிலை மனச் செயல்களைச் சோதனைக்கு உட்படுத்த முடியாது என்றே கருதினார். அதே 1879இல், ஆய்வுக்கூடமும் மாணவர்களும் உதவித்தொகையும் இல்லாமல், எபிங்ஹாஸ் தனி ஆளாகத் தன் சோதனைகளைத் தொடங்கினார்.

நினைவை அளக்க முயல்பவருக்கு முதல் இடைஞ்சல், எந்தப் பொருளை மனப்பாடம் செய்வது என்பதுதான். ஒரு கவிதையை எடுத்துக்கொண்டால், அதில் ஒரு வரி முன்பே கேட்டதாக இருக்கும். மற்றொரு வரி ஒரு முகத்தை நினைவூட்டும். இன்னொன்று ஓசையின் அழகால் தானே ஒட்டிக்கொள்ளும். எல்லா வரிகளும் ஒரே எடையில் இருந்தால்தானே தராசு வேலை செய்யும்? எனவே, ஒரு மெய், ஒரு உயிர், மீண்டும் ஒரு மெய் என்ற அமைப்பில் ஏறத்தாழ 2,300 அசைகளை உருவாக்கினார். அவற்றைக் கலந்து, குலுக்கல் முறையில் எடுத்து, பன்னிரண்டு, பதின்மூன்று, பதினாறு என்று வரிசைகளாக அடுக்கினார்.

இதைப் படித்த அன்றே எனக்கும் ஆசை வந்தது. தமிழில் பதின்மூன்று பொருளற்ற அசைகளை எழுதிப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். எழுதத் தொடங்கிய பிறகுதான் வேலையின் கடினம் தெரிந்தது. மெய், உயிர், மெய் என்று எதை அடுக்கினாலும் கண், பல், தேள், வேர், கூழ், மான் என்று உலகத்துப் பொருள்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. பொருள் இல்லாத ஒன்றைத் தேடிப் பிடித்தாலும் 'மெள்' என்பது மெள்ளவையும் 'சுழ்' என்பது சூழ்தலையும் இழுத்துக்கொண்டு வருகிறது. ஓரெழுத்தே சொல்லாக நிற்கும் மொழியில் மூன்று ஒலியைப் பொருளில்லாமல் நிறுத்துவது எளிதில்லை. கடைசியில் இலக்கணத்தை மீறினேன். தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வராத எழுத்துகளை முதலில் வைத்து, லொழ், றேய், ணௌர், ழீம் என்று பதின்மூன்றைத் தேற்றினேன். நாக்குக்கு அவை கூழாங்கற்களாக இருந்தன. இந்தத் தொல்லை எபிங்ஹாஸுக்கும் இருந்தது. அவருடைய அசைகளில் பல, ஜெர்மன் மொழியில் பொருளுள்ள சொற்களே. அவற்றை அவர் நீக்கவும் இல்லை. பொருளற்றது தனித்தனி அசை அன்று, அவை அடுத்தடுத்து வரும் வரிசைதான். அந்த வரிசைகளும் எதிர்பார்த்த அளவுக்கு ஒரே கடினமாக அமையவில்லை என்பதை நூலில் அவரே ஒப்புக்கொள்கிறார்.

அவர் வேலை செய்த விதத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். வரிசையை முதலிலிருந்து இறுதி வரை ஒரே சீரான வேகத்தில் வாய்விட்டுப் படிப்பார். ஒரு நிமிடத்துக்கு 150 அசைகள். வேகத்தைக் காப்பதற்குத் தொடக்கத்தில் மெட்ரோனோம் என்னும் தாளக் கருவியை வைத்துக்கொண்டார்; பிறகு அதை விட எளியது, இடையூறு குறைந்தது என்று கைக்கடக்கமான கடிகாரத்தின் டிக் டிக் ஓசைக்கு மாறினார். ஓர் அசையை மற்றொன்றுடன் கதை கட்டி இணைக்கும் நினைவு உத்திகளுக்கு இடமில்லை. ஒரு வரிசையைத் தயங்காமல், தவறாமல் சொல்ல முடிந்ததும் நேரத்தைக் குறித்துக்கொள்வார்; பதினைந்து நொடி இடைவெளி; பிறகு அடுத்த வரிசை. சோதனைக் காலம் முழுவதும் அன்றாட வாழ்க்கையைக் கூடியவரை மாற்றமில்லாமல் வைத்துக்கொண்டார். காலையில் பத்து மணியை ஒட்டியும் மாலை ஆறிலிருந்து எட்டுக்குள்ளும் என்று வேளை குறித்து உட்கார்ந்தார். மாலையில் மனம் மந்தமாவதைக் கண்டு, காலையில் கற்று மாலையில் சோதித்த கணக்குகளில் அந்தச் சோர்வைத் தனியே கழித்தார். 1879–80இல் ஒரு சுற்று. 1883–84இல் மறு சுற்று.

இவ்வளவு கவனமாக இருந்தவருக்கு இன்னொரு அச்சமும் இருந்தது, தன்னைப் பற்றிய அச்சம். முடிவு இப்படித்தான் வரும் என்று எதிர்பார்ப்பவரே படிப்பவராகவும் இருந்தால், அந்த எதிர்பார்ப்பு அவரை அறியாமலே வேகத்தைக் கூட்டாதா, குறைக்காதா? இந்தக் கேள்விக்கு நூலில் ஒரு பகுதியையே ஒதுக்கியிருக்கிறார். தன்னைத் தானே சந்தேகித்துக்கொண்டே தன்னை அளந்த அந்த நேர்மைதான், ஒரே ஒரு மனிதரின் கணக்கை இன்று வரை நிற்க வைத்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

இனி அவருடைய தலையான கண்டுபிடிப்புக்கு வருவோம். நூலின் தொடக்கத்திலேயே நினைவை மூன்று வகையாகப் பிரிக்கிறார். நாம் முயன்று திரும்பக் கொண்டுவருவது ஒன்று. அழைக்காமலே தானாக வந்து நிற்பது மற்றொன்று. மூன்றாவது, நனவுக்குத் திரும்பி வரவே வராதது. ஆனாலும் உள்ளே எங்கோ இருந்து நம் செயலில் ஒரு வேறுபாட்டை உண்டாக்கிக்கொண்டே இருப்பது. முதல் இரண்டைப் பற்றி எல்லோரும் பேசியிருந்தார்கள். மூன்றாவதை எப்படிப் பிடிப்பது? 'உனக்கு நினைவிருக்கிறதா' என்று கேட்டால் 'இல்லை' என்றுதான் விடை வரும். அதற்கு மேல் கேள்வி நகராது.

எபிங்ஹாஸ் கேள்வியையே மாற்றினார். நினைவிருக்கிறதா என்று கேட்காதே; மறுபடி கற்றுப் பார், எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்று பார். ஒரு வரிசையை முதல் முறை கற்க ஆயிரம் நொடி ஆனது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாதம் கழித்து ஓர் அசை கூட நினைவில் இல்லை. ஆனால் மறுபடி கற்க எண்ணூறு நொடிதான் ஆகிறது. அந்த இருநூறு நொடி எங்கிருந்து வந்தது? ஒன்றுமே இல்லாத இடத்திலிருந்து வந்திருக்க முடியாது. இந்த இருபது விழுக்காட்டுக்கு அவர் இட்ட பெயர் சேமிப்பு. கண்ணுக்குத் தெரியாத நீரூற்றை, கிணற்று நீர் மட்டம் ஏறும் வேகத்திலிருந்து கணக்கிடுவது போன்ற வேலை இது. உளவியல் வரலாற்றில் இவ்வளவு எளிமையும் இவ்வளவு நுட்பமும் சேர்ந்த வேறொரு முறையை நான் அறிந்ததில்லை.

மறதி வளைகோட்டுக்காக அவர் செய்தவை 163 இரட்டைச் சோதனைகள். பெரும்பாலானவற்றில் பதின்மூன்று அசை கொண்ட எட்டு வரிசைகள். 38 சோதனைகளில் மட்டும் ஆறு வரிசைகள். கூட்டிப் பார்த்தால் 1,200க்கும் மேற்பட்ட வரிசைகள். ஒவ்வொன்றையும் கற்று, காத்திருந்து, மறுபடி கற்றிருக்கிறார். கிடைத்த சேமிப்பு இது: ஏறத்தாழ இருபது நிமிடம் கழித்து 58 விழுக்காடு, ஒரு மணி நேரத்துக்குப் பின் 44, ஒன்பது மணி நேரத்தை ஒட்டி 36, ஒரு நாளில் 34, இரண்டு நாளில் 28, ஆறு நாளில் 25, முப்பத்தொரு நாள் கழித்து 21. பயிற்றுநர் சொன்ன "எழுபது விழுக்காடு" இந்த 34ஐ நூறிலிருந்து கழித்து, வசதிக்காக முழு எண்ணாக்கியது போலும். ஆனால் 34 விழுக்காடு சேமிப்பு என்பது பதின்மூன்று அசைகளில் நான்கு நினைவிருக்கிறது என்று பொருள்படாது. ஒன்று கூட நினைவில் வராமலும் மூன்றில் ஒரு பங்கு உழைப்பு மிஞ்சலாம். கோட்டின் செங்குத்தான முற்பகுதியையே எல்லோரும் காட்டுகிறார்கள். எனக்கு வியப்பூட்டுவது அதன் பிற்பகுதி. ஆறாம் நாளிலிருந்து முப்பத்தொன்றாம் நாள் வரை, இருபத்தைந்து நாளில் நான்கே விழுக்காடுதான் குறைகிறது. பொருளில்லாத, எதற்கும் பயன்படாத ஒலிக்குவியல் ஒரு மாதம் கழித்தும் ஐந்தில் ஒரு பங்கு உள்ளே கிடக்கிறது என்பதுதான் உண்மையான செய்தி.

மற்ற முடிவுகளில் இரண்டை மட்டும் சொல்கிறேன். ஏழு அசைகளை ஒரே வாசிப்பில் திருப்பிச் சொல்ல அவரால் முடிந்தது. பன்னிரண்டுக்குப் பதினேழு முறையை ஒட்டியும், பதினாறுக்கு முப்பது முறையும் தேவைப்பட்டன. நீளம் சிறிதே கூடினாலும் உழைப்பு பலமடங்கு ஏறுகிறது. அடுத்தது, பன்னிரண்டு அசை வரிசை ஒன்றை ஒரே அமர்வில் 68 முறை படித்ததால் மறுநாள் கிடைத்த பயனை, மூன்று நாளுக்குப் பரப்பிய 38 வாசிப்புகள் தந்துவிட்டன. தேர்வுக்கு முந்தைய இரவில் விளக்கெரித்துப் படித்த எல்லோருக்கும் இந்த எண்கள் உறைக்க வேண்டும். எனக்கு உறைத்தது, காலம் கடந்து. இன்று கைப்பேசியில் சொல்லட்டைகளை இடைவெளி விட்டு நீட்டும் ஆங்கி போன்ற செயலிகள் அத்தனைக்கும் வேர் இந்த 68க்கும் 38க்கும் உள்ள வேறுபாட்டில்தான் இருக்கிறது.

நூல் 1885இல் வந்தது. முகப்பில், மிகப் பழைய பொருளிலிருந்து மிகப் புதிய அறிவியலை உருவாக்குகிறோம் என்னும் கருத்துடைய லத்தீன் வரி ஒன்றை வைத்திருந்தார். அதே ஆண்டில்தான், பின்னாளில் மெய்யியலாளராகப் பெயர் பெற்ற அவருடைய மகன் யூலியுஸ் பிறந்தார். அமெரிக்காவில் உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ், ஆண்டுக்கணக்கில் நாள்தோறும் நடந்த அந்தச் சோதனைகளை வீரச்செயலுக்கு ஒப்பாகப் பேசினார். சோதனை முறையைப் பற்றிச் சொல்லும்போது அவருக்கு வந்த சொல் வீரம் என்பது கவனிக்கத்தக்கது. அந்த நூலைப் படித்தவர்களுக்கு அது மிகையாகத் தோன்றாது.

வியப்பு என்னவென்றால், புகழ் கிடைத்ததும் எபிங்ஹாஸ் அந்தத் துறையை விட்டு நகர்ந்துவிட்டார். நினைவாற்றல் ஆய்வை கோட்டிங்கன் நகரில் மியூல்லர் என்னும் உளவியலாளரும் அவருடைய மாணவர்களும் எடுத்துச் சென்றார்கள். இவர் நிறப்பார்வை பற்றி எழுதினார், 1890இல் ஆர்தர் கோனிக்குடன் சேர்ந்து உளவியலுக்கும் புலனுறுப்புகளின் உடலியலுக்குமான இதழைத் தொடங்கினார், மாணவர்களுக்குச் சுவையாகப் பாடம் நடத்தினார். அதிகமாக எழுதி வெளியிடும் வழக்கம் அவருக்கில்லை. பெர்லினில் எதிர்பார்த்த பேராசிரியர் நாற்காலி கார்ல் ஸ்டும்புக்குப் போனது. 1894இல் இவர் பிரெஸ்லாவ் நகருக்குச் சென்றார். அந்த நகரம் இன்று போலந்தில் வேறு பெயரில் இருக்கிறது. தொடர்ந்து ஐந்து மணி நேரம் நடக்கும் வகுப்பு பிள்ளைகளின் மனத்தை எவ்வளவு களைப்படையச் செய்கிறது என்று அங்கிருந்த பள்ளி நிர்வாகம் அறிய விரும்பியபோது, பத்தியில் சில சொற்களையும் அசைகளையும் விட்டுவிட்டு நிரப்பச் சொல்லும் சோதனையை 1897இல் வகுத்துக் கொடுத்தார். 'கோடிட்ட இடங்களை நிரப்புக' என்று கேள்வித்தாளில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இவர் நினைவு வருகிறது. களைப்பை அளக்கத்தான் அதை அமைத்தார்கள். அது அளந்ததோ மாணவரின் அறிவுத்திறனை. பின்னர் வந்த நுண்ணறிவுச் சோதனைகளுக்கு அது ஒரு முன்னோடியாக ஆனது.

அவரை எதிர்த்தவர்களில் இருவரைச் சொல்ல வேண்டும். வில்ஹெல்ம் டில்தை என்னும் மெய்யியலாளர் 1894இல், இயற்கையை நாம் விளக்குகிறோம், உள வாழ்க்கையையோ புரிந்துகொள்கிறோம் என்று எழுதி, அளக்கும் உளவியலின் அடித்தளத்தையே கேள்விக்கு உட்படுத்தினார். எபிங்ஹாஸ் அதற்குக் காரமாக மறுப்பு எழுதினார். அடுத்தவர் பிரிட்டனின் ஃபிரெட்ரிக் பார்ட்லெட். 1932இல் அவர் வைத்த குற்றச்சாட்டு ஆழமானது: பொருளை அகற்றிவிட்டு நினைவை ஆராய்வது, வாழ்க்கையை அகற்றிவிட்டு வாழ்பவரை ஆராய்வது போன்றது, மனிதர் நினைவுகூரும்போது பெட்டியைத் திறந்து பழையதை எடுப்பதில்லை, ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டுகிறார். பார்ட்லெட் சொன்னது சரி. ஆயினும் எபிங்ஹாஸ் பொருளை அறியாதவர் போலப் பேசுவது நியாயமாகாது. ஆங்கிலக் கவிஞர் பைரனின் 'டான் ஜுவான்' காவியத்தில் சில பத்திகளையும் அவர் அதே முறையில் மனப்பாடம் செய்து பார்த்தார். ஒவ்வொன்றிலும் 80 அசைகள். எட்டு அல்லது ஒன்பது வாசிப்பு போதுமானதாக இருந்தது. அதே நீளப் பொருளற்ற வரிசைக்கு அதைப் போலப் பத்து மடங்கு உழைப்பு வேண்டியிருக்கும் என்று கணக்கிட்டார். பொருளும் யாப்பும் இயைபும் சேர்ந்து செய்யும் உதவிக்கு முதன்முதலில் ஓர் எண்ணைக் கொடுத்தவர் அவர்தான். எதுகையும் மோனையும் வைத்துப் பாடியவர்கள் எண் இல்லாமலே இதை அறிந்திருந்தார்கள் என்பது வேறு செய்தி.

1908இல் வந்த அவருடைய சுருக்கமான பாடநூலின் முதல் வாக்கியம், உளவியலுக்கு நெடிய கடந்தகாலம் உண்டு, ஆனால் குறுகிய வரலாறுதான் உண்டு என்பது. அடுத்த ஆண்டு பிப்ரவரி 26 அன்று, ஹாலே நகரில், நிமோனியா அவரைக் கொண்டுபோனது, வயது 59. அதே 1909 செப்டம்பரில் அமெரிக்காவின் கிளார்க் பல்கலைக்கழகத்தில் நடந்த மாநாட்டில், உளப்பகுப்பாய்வை நிறுவிய ஃபிராய்டு தம் புகழ்பெற்ற உரைகளை ஆற்றினார். அங்கே பேச எழுந்த உளவியலாளர் டிட்ச்னர், அந்த இறப்புச் செய்தி வந்தபோது தம் சொந்தத் துயரத்தையும் முந்திக்கொண்டு எழுந்தது, இனிச் சோதனை உளவியல் என்ன செய்யும் என்ற திகைப்புதான் என்னும் பொருள்படத் தொடங்கினார். நனவுக்கு எட்டாதது மனிதரை இயக்குகிறது என்று ஒருவர் கதைகளால் காட்டிய அதே மேடையில், அதையே நொடிக்கணக்கில் காட்டியவர் இல்லாமற் போனார். உலகம் கதைகளையே அதிகம் நினைவில் வைத்தது. அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை, பொருளுள்ளது தங்கும் என்பதை இவரும் கண்டிருந்தார்.

மூன்றாவது வகை நினைவின் முழு எடையும் தெரிய அரை நூற்றாண்டு ஆனது. வலிப்பு நோய்க்காக 1953இல் மூளை அறுவை செய்யப்பட்ட ஹென்றி மொலைசன், அதன் பின் புதிய நிகழ்ச்சி எதையும் நினைவில் நிறுத்த இயலாதவரானார். கண்ணாடியில் தெரியும் பிம்பத்தைப் பார்த்து ஒரு விண்மீன் வடிவத்தைச் சுற்றி வரையும்படி உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவரிடம் கேட்டார். மூன்று நாளில் அவருடைய கை தேறிக்கொண்டே வந்தது; அதைச் செய்த நினைவோ அவருக்குச் சற்றும் இல்லை. 'நினைவிருக்கிறதா' என்று மட்டும் கேட்டிருந்தால், அவரிடம் ஒன்றுமே தங்கவில்லை என்று முடிவு கட்டியிருப்பார்கள்.

வளைகோட்டையும் மறுபடி சோதித்தார்கள். ஆம்ஸ்டர்டாமில் முர்ரே, ட்ரோஸ் என்னும் இருவர் 2015இல் வெளியிட்ட ஆய்வில், அவர்களில் ஒருவரே ஏறத்தாழ 70 மணி நேரம் உட்கார்ந்து அசை வரிசைகளைக் கற்றார். கிடைத்த கோடு பழைய கோட்டை ஒட்டியே வந்தது. ஒரு நாள் இடைவெளியில் மட்டும் சிறு மேடு தெரிந்தது. 1879–80இல் ஒரே மனிதர் தன்னைத் தானே அளந்து பெற்ற எண்கள் அவை என்பதை எண்ணும்போது, பெரிய ஆய்வுக்கூடங்களின் மீதுள்ள நம் மயக்கம் சற்றுத் தெளிகிறது.

என் சோதனையின் கதை குறுகியது. லொழ், றேய், ணௌர் என்று தொடங்கிய வரிசையைத் தவறில்லாமல் சொல்ல முதல் நாள் பத்தொன்பது வாசிப்புகள் ஆயின, மறுநாள் பதினொன்று. ஒரே முறை செய்தது, அதுவும் விடையைத் தெரிந்துகொண்டு செய்தது. அதற்கு மதிப்பு ஒன்றுமில்லை. தாளைப் புத்தகத்துக்குள் செருகி வைத்துவிட்டேன். எபிங்ஹாஸ் தாம் கற்ற 'டான் ஜுவான்' பத்திகளை, இடையில் பார்க்காமலே இருந்து, இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து மறுபடி கற்றுப் பார்த்தார் என்று பின்னர் படித்தபோதுதான் தாளின் நினைவு வந்தது. ஒரு வரியும் மனத்தில் இல்லாத நிலையில், அவருக்குச் சேமிப்பு ஏழு விழுக்காடு இருந்தது.

என் தாளுக்கு அப்போது எட்டு மாதம் ஆகியிருந்தது. எடுத்துப் பிரிப்பதற்கு முன் கண்ணை மூடி எவ்வளவு முயன்றும் ஓர் அசை கூட வரவில்லை. பிரித்த பிறகும், யாரோ எழுதி வைத்தது போலத்தான் இருந்தது. கடிகாரத்தை மேசையில் வைத்துக்கொண்டு படிக்கத் தொடங்கினேன். பதினாறாவது வாசிப்பில் வரிசை முழுவதும் வந்தது.